பேட்டரி ஸ்கூட்டர் நின்றுவிட்டால்

 

பேட்டரி ஸ்கூட்டர் ஓடவில்லையா? முதலில் சைடு ஸ்டாண்டு முழுதாக மடங்கியிருக்கிறதா, பிரேக் லீவர் பாதியில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் இவற்றின் சுவிட்சே மோட்டாரை நிறுத்திவிடும். விளக்கும் எரியாவிட்டால், சீட்டுக்கு அடியில் எம்.சி.பி. விழுந்திருக்கலாம், ஒரு முறை தூக்கிவிடுங்கள். மறுபடி விழுந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பி சுற்றினால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது.

உறங்குமுன் வீட்டில் நெருப்பை அணைத்துவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். இரவெல்லாம் வாசலில் சார்ஜில் கிடக்கும் வண்டி தீப்பிடித்தால், பிள்ளைகள் வெளியேற வழியிருக்காது. விழித்திருக்கும்போதே சார்ஜ் போட்டுக் கழற்றிவிடுங்கள். அல்லாஹ் நம் குடும்பங்களைப் பாதுகாப்பானாக, ஆமீன்.