சாமி சத்தியமும் மனுசன் ஜாமீனும்

(இராமநாதபுரத்தில் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



டீக்கடையில் நம்ம தெருப் பெரியவர் ஒருத்தர் என்னைக் கேட்டார்: ‘ஏம்ப்பா, சாமி இல்லேங்கிறீங்க. சாமி பயம் போச்சுன்னா மனுசன் மனுசனா இருப்பானா?’ சிரிச்சுட்டுப் போகிற கேள்வி இல்லை இது. இந்த மண்ணிலேயே பதிலைத் தேடுவோம்.

1897 ஜனவரி. மேல்நாட்டுப் பயணம் முடித்த விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்குகிறார். அவர் சிகாகோ போக உதவிய ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வரவேற்கிறார். ராமேஸ்வரம் கோயிலில் விவேகானந்தர் பேசுகிறார்: ஏழை எளியவரிடம் சிவனைக் காண்பதே உண்மையான பூசை என்று. நெகிழ்ந்துபோன ராஜா ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதே வருசம் மே மாதம். கமுதியில் நாடார்கள் சிலர் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் போய்க் கும்பிட்டார்கள். கோயில் தீட்டாகிவிட்டது என்று வழக்குப் போட்டது யார்? அதே ராஜாதான். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908ல் அவர்கள் நுழையக்கூடாது என்றே தீர்ந்தது. ராஜாவுக்குப் பக்தி குறைச்சலா? இல்லை. சோறு போட மனசு வந்தது. சமமா நிக்க விட மனசு வரலை.

1930 டிசம்பர். அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் நாட்டார்கள் நம் சனத்துக்கு 8 தடைகள் விதித்தார்கள். நகை கூடாது, சட்டை கூடாது, கிராப்பு கூடாது, குடையும் செருப்பும் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு புழங்கக் கூடாது, பெண்கள் மாரை மறைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931ல் தடை 11 ஆனது. நம் பிள்ளைகள் படிக்கவும் கூடாதென்றார்கள். சாமி கும்பிடாதவர்களா இதையெல்லாம் செய்தார்கள்? சரிசமமாகப் பேசிய இமானுவேல் சேகரனை 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிச் சாய்த்தார்களே, அந்தக் கையைச் சாமி பயம் தடுத்ததா?

அப்போ சாமியை விட்டுட்டா நியாயம் தானா வந்துருமா? அதுவும் இல்லை. 1968 டிசம்பர் 25, கீழவெண்மணியில் 44 பேர் எரிந்தபோது கோட்டையில் இருந்தது பகுத்தறிவு பேசி வளர்ந்த கட்சி. மேடையில் கடவுளை மறுத்துவிட்டு, மகளுக்குச் சொந்தச் சாதியில் மாப்பிள்ளை தேடுகிறவர்களை நாம் பார்க்கவில்லையா?

அம்பேத்கர் தன் கடைசிப் புத்தகமான ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் இந்த முடிச்சை அவிழ்க்கிறார். தம்மத்தில் கடவுளுக்கு இடமில்லை. அந்த இடத்தில் ஒழுக்கம் இருக்கிறது. ஆனால் வெறும் ஒழுக்கமும் போதாது என்கிறார். திருட்டுக் கும்பலுக்கும் உள்ளுக்குள் ஒரு ஒழுக்கம் உண்டு. சாதிக்கும் அப்படித்தான்: தன் ஆளுக்கு வாக்குத் தவறமாட்டான், அடுத்த தெருவுக்குத் தீ வைப்பான். எல்லோருக்கும் பொதுவாகாத ஒழுக்கம் ஒழுக்கமே இல்லை.

நான் பேங்கு குமாஸ்தா. கடன் கேட்டு வருகிறவர்கள் ‘சாமி சத்தியமா கட்டிருவேன் சார்’ என்பார்கள். சாமி சத்தியத்துக்குக் கடன் கொடுக்க எந்த விதியிலும் இடமில்லை. ஜாமீன் போட ஒரு மனுசன் வேணும். மகளிர் குழுவில் ஒருத்தி தவணை தவறினால் பக்கத்து வீட்டுக்காரி தலையில் விழும். அதனாலேயே பாசி எடுத்த காசை, மீன் வித்த காசைச் சீலையில் முடிந்துகொண்டு வருகிறார்கள். ‘நான் கட்டலைன்னா அவ தவிப்பா’ என்கிற அந்த நினைப்புத்தான் அறம். அதற்கு மேலே இருந்து யாரும் கண்காணிக்க வேண்டியதில்லை.

எங்கம்மா கும்பிடுகிற சாமியோடு எனக்குச் சண்டை கிடையாது. அடுத்தவனைக் கொளுத்தச் சொல்லாத சாமி அது. என் சண்டை நம்மோடுதான். பள்ளர் வீட்டில் பறையருக்கு என்ன மரியாதை? நம்ம ரெண்டு பேர் வீட்டிலும் சக்கிலியருக்கு எந்தச் செம்பில் தண்ணீர்? கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டியைக் கை ஓங்குகிறவன் எந்த ராஜாவுக்குக் குறைந்தவன்?

பெரியவருக்கு என் பதில் இதுதான்: ‘சாமி இருக்கா இல்லையாங்கிறதை அப்புறம் பேசுவோம் தாத்தா. நீங்க எனக்கு ஜாமீன், நான் உங்களுக்கு ஜாமீன். நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து, நமக்குக் கீழேன்னு நாம நெனைக்கிறவனுக்கு ஜாமீன்.’

ஜெய் பீம்!