பயம் தெளியும் காலம்



இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘அச்சத்தை விடுவோம்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்காமல் போட்டுவிட்டார்கள். கேட்டிருந்தால் வேறு ஆளைப் பாருங்கள் என்றிருப்பேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இத்தனை வருடம் வகுப்பில் நின்று பாடம் நடத்தியவன், இப்போதும் ஒலிபெருக்கி முன்னால் வந்தால் தொண்டை வறண்டுபோகிறது. இதோ, இந்தத் தண்ணீர்ப் பாட்டில் பாதி காலியானதே அதற்குச் சாட்சி.

இந்த அரங்கில் இரண்டு தமிழ் உட்கார்ந்திருக்கிறது. டிசம்பர் 25-க்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை நம் கத்தோலிக்க அன்பர்கள் திருவருகைக்காலம் என்பார்கள். சி.எஸ்.ஐ. சபையார் ஆகமன காலம் என்பார்கள். அந்த நாட்களில் படிக்கிற பகுதிகளில் வானதூதர் வந்து வந்து ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகிறார். பழைய மொழிபெயர்ப்பில் ‘பயப்படாதே’ என்கிறார். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் ‘அஞ்சவேண்டாம்’ என்கிறார். ஒரே தூதர்தான்; தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் எந்தச் சபை என்று பார்த்துப் பேசப் பழகிக்கொண்டார்!

ஆனால் எங்கள் வீட்டில் இந்த இரண்டு தமிழும் புழங்கவில்லை. ஆச்சி சொன்னது மூன்றாவது தமிழ். பயம் தெளியும் என்பாள். கலங்கிய தண்ணீர் தெளியும், மப்பும் மந்தாரமுமான வானம் தெளியும், மயக்கம் தெளியும், அதுபோலப் பயமும் தெளியும்.

எனக்கு ஏழு வயதிருக்கும். அந்திக் கருக்கலில் கிணற்றடியில் எதையோ கண்டு அலறினேன். காற்றில் ஆடிய வாழைச் சருகாக இருந்திருக்கலாம். மூன்று நாள் காய்ச்சல். தூக்கத்தில் பிதற்றல். உபதேசியார் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்துச் செபித்தார். காய்ச்சல் இறங்கியது, பிதற்றல் நிற்கவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் ஆச்சி என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, உபதேசியார் கண்ணில் படாமல் சுற்றுவழியாகப் போய், பள்ளிவாசல் வாசலில் நின்றாள். உங்களில் பலர் அப்படி நின்றிருப்பீர்கள். மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்று, பிள்ளையின் முகத்தில் ஊதி, சொம்புத் தண்ணீரிலும் ஓதிவிட்டுப் போவார்கள். அத்தர் வாசனையும் வெற்றிலை வாசனையும் கலந்த அந்தக் காற்று என் நெற்றியில் பட்டது இன்றும் நினைவிருக்கிறது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாள் திருநீறு பூசியிருந்தார். அன்று இரவு நான் தூங்கினேன்.

எந்த ஓதுதலுக்குச் சக்தி அதிகம் என்று நான் வழக்காட வரவில்லை. அந்த வழக்கத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. பயந்தவன் தனக்குத் தானே ஓதிக்கொள்ள முடியாது. இன்னொரு வாயின் மூச்சு வேண்டும், இன்னொருவர் இடுப்பு வேண்டும். நம் ஊர்ப் பாமர மக்களுக்கு இது தெரிந்திருந்தது. ‘அச்சத்தை விடு’ என்று தனி ஆளிடம் கட்டளை போடுகிற பழக்கமெல்லாம் நாம் நாலு புத்தகம் படித்த பிறகு வந்தது.

இப்போது அந்த வானதூதரிடம் வருவோம்.

சகரியாவிடம் பயப்படாதே, உனக்குப் பிள்ளை பிறக்கும் என்கிறார். கிழவருக்குத் தெளியவில்லை. இதை எப்படி நம்புவது என்று கேட்கிறார், பிள்ளைக்குப் பெயரிடும்வரை பேச்சற்றுப் போகிறார். யோசேப்புக்குச் சொன்ன இடம் வேறு மாதிரி. அவருக்குப் பேயும் பிசாசும் பயமில்லை, ஊர் வாய்தான் பயம். நிச்சயித்த பெண் கர்ப்பமாயிருக்கிறாள் என்றால் நாசரேத்தின் தெருக்கள் என்ன பேசும் என்று நமக்குத் தெரியாதா? நம் தெருக்கள் பேசாததா? அந்த மனிதர் விழித்தெழுந்து, சொன்னபடி செய்தார். நான்கு நற்செய்தியிலும் யோசேப்பு வாய்திறந்து பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. ஊர் வாய்க்கு அவர் கொடுத்த பதில் அதுதான் போலும்.

மரியாளின் கதையில்தான் எனக்கு அதிக நேரம் நிற்கப் பிடிக்கும். தூதர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு? அந்த அறையில் அந்தப் பெண் தனியாக அல்லவா இருக்கிறாள்? லூக்கா உடனே அடுத்த காட்சிக்குப் போகிறார்: அவள் எழுந்து, மலைநாட்டுக்கு, விரைந்து போனாள். எலிசபெத் வீட்டுக்கு. வயதான காலத்தில் ஆறு மாதக் கர்ப்பிணியாக இருக்கிற உறவுக்காரி வீட்டுக்கு. ஏறக்குறைய மூன்று மாதம் அங்கேயே இருந்தாள். சொல்லுங்கள் தாய்மார்களே, முதல் மூன்று மாதம் வாந்தியும் மயக்கமுமாக இருக்கும்போது ஒரு பெண்ணுக்கு யார் வேண்டும்? நூறு தூதர் வந்து சொன்னாலும், ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது பிள்ளே’ என்று சொல்ல ஒரு பெண் வேண்டாமா? பயப்படாதே என்ற வார்த்தை நாசரேத்தில் சொல்லப்பட்டது. அது தெளிந்தது எலிசபெத்தின் அடுக்களையில் என்றுதான் நான் நினைக்கிறேன். இது இறையியலா என்று மேடையில் இருக்கும் அருட்தந்தை பின்னால் சொல்லட்டும்.

மேய்ப்பர்களையும் சொல்லிவிடுகிறேன். இரவெல்லாம் கிடைக் காவல் காத்தவர்கள். இருட்டு அவர்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி. அவர்கள் பயந்தது தூதரோடு வந்த வெளிச்சத்துக்கு. கடற்கரையில் வேலைபார்த்த காலத்தில் இதை ஒரு மீனவப் பெரியவரிடம் சொன்னேன். ‘அது அப்படித்தான் சாரே’ என்றார். ‘ராத்திரி நடுக்கடலுல கெடக்கும்போ இருட்டு ஒண்ணும் செய்யாது. தூரத்துல ஒரு வெளிச்சம் தெரிஞ்சு, அது பெருசாகிட்டே வந்தா, கப்பல். அவன் நம்மளப் பாத்தானா பாக்கலையான்னு தெரியாது. அப்பதான் சாரே அடிவயிறு கலங்கும்.’ அதற்குப் பிறகு பெத்லகேம் வயலை நான் ஒரு படகாகத்தான் பார்க்கிறேன்.

ஜெர்மனியில் இருந்து ஒரு சாட்சி. டீட்ரிச் போன்ஹோஃபர் என்ற லுத்தரன் போதகர். ஹிட்லரை எதிர்த்தவர்களோடு நின்றதற்காக 1943 ஏப்ரல் 5-ஆம் தேதி கைதாகி, பெர்லினில் டெகல் ராணுவச் சிறையில் அடைக்கப்பட்டவர். அந்த நவம்பரில் நண்பர் பெத்கேவுக்கு எழுதிய கடிதத்தில், சிறைக் கொட்டடி வாழ்க்கை ஆகமன காலத்துக்கு நல்ல உவமை என்கிறார். உள்ளே இருப்பவன் காத்திருக்கிறான், அதையும் இதையும் செய்துகொண்டிருக்கிறான். ஆனால் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். என் ஆச்சிக்குத் தெரிந்திருந்ததும் இதுதானே?

அந்தக் கடிதத்தை எல்லாப் பிரசங்கிகளும் எடுத்துச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று. 1944 ஜனவரி. பெர்லின் மேல் குண்டு விழுகிறது. கைதிகள் தரையில் குப்புறக் கிடக்கிறார்கள். பக்கத்தில் ஒருவன், சாதாரண நாளில் எதையும் சட்டை செய்யாத ஆசாமி, கடவுளே கடவுளே என்று அலறுகிறான். போதகர் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அவரால் அது முடியவில்லை. அந்த நேரத்தில் ஒருவனுக்கு மதத்தைப் புகட்டுவது சரியில்லை என்று பட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்காது என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பத்து நிமிடம் எனக்கு எத்தனையோ பிரசங்கத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அவரும் அதே தரையில்தான் கிடந்தார், அவர் மேலும் அதே குண்டு விழலாம். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே டெகல் சிறையில், 1944 டிசம்பரில், ஆல்ஃபிரட் டெல்ப் என்ற இயேசு சபைக் குரு விலங்கிட்ட கையோடு திருவருகைக்காலச் சிந்தனைகளை எழுதினார். அழுக்குத் துணியோடு சேர்த்து அந்தத் தாள்களை வெளியே கொண்டுவந்தவர்கள் பெண்கள். எழுதிய கையைப் புகழ்கிறோம். துணி மூட்டையைச் சுமந்து காவலனைத் தாண்டிய கைகளும் நடுங்கியிருக்கும்.

சரி, நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறேன். எங்கே வருவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதவனை வள்ளுவர் வீரன் என்று சொல்லவில்லை, பேதை என்றார். கடலோர மக்கள் வள்ளுவரைப் படிக்காமலே அறிந்தவர்கள். காற்றுக்கு அஞ்சுவார்கள், நீரோட்டத்துக்கு அஞ்சுவார்கள். அந்த அச்சம்தான் அவர்களைக் கரைசேர்க்கிறது. 2017 நவம்பர் 30. ஒக்கி புயல். பெயர் வைத்தது வங்கதேசம். வங்கமொழியில் கண் என்று பொருளாம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று நம் மேற்குக் கரை ஊர்களில் இருந்து ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யப் போனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கரையைவிட்டுப் போயிருந்தார்கள். படகில் இருந்த வயர்லெஸ்ஸுக்கு எட்டாத தூரம். அவர்கள் அஞ்சியிருப்பார்கள், அஞ்ச வேண்டிய செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

டிசம்பர் 3 திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் முறிந்து பல ஊர்களில் கரண்ட் இல்லை. கோவிலில் நான்கு மெழுகுவர்த்தியில் முதலாவதை ஏற்றினார்கள். மற்ற வருடங்களில் அது சடங்கு. அந்த வருடம் அதுதான் விளக்கு. வருகை, வருகை என்று பாடினார்கள். அந்தக் கரையில் அந்தச் சொல்லுக்கு அன்று ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது.

அந்த நாட்களில் அங்கே போய், ‘பயப்படாதீர்கள்’ என்று சொன்னவர்கள் உண்டு. வெள்ளை வேட்டியில் வந்து சொன்னார்கள், காரில் ஏறிப் போய்விட்டார்கள். மக்கள் கேட்டது ஆறுதல் இல்லை. தேடுங்கள் என்றார்கள். எங்கள் ஆட்களையும் கப்பலில் ஏற்றிக்கொள்ளுங்கள், படகு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று எங்களுக்குத் தெரியும் என்றார்கள். டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்குள் ஒவ்வொருத்தியாக நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் அன்று ஒன்றாக வெளியே வந்தார்கள். அதைப் போராட்டம் என்று எழுதினார்கள். எனக்கு அது மரியாள் மலைநாட்டுக்கு விரைந்த நடையாகத் தெரிந்தது.

நான் அப்போது ஒரு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம். கோவிலில் ஜெனரேட்டர் ஓடியது. மண்டபத்தில் நீளமான மேசை. அதன்மேல் நாலைந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி, ஒவ்வொரு துளையிலும் ஒரு கைப்பேசி. எல்லாம் சார்ஜில் கிடக்கிறது. ஒவ்வொரு கைப்பேசிக்கும் எதிரே ஒரு பெண். அம்மா, மனைவி, அக்கா. யாரும் பேசவில்லை. ஜெனரேட்டர் சத்தம் மட்டும். சில படகுகள் லட்சத்தீவில் ஒதுங்கியிருக்கின்றன, சில மகாராஷ்டிரத்தில் தேவ்கட் துறைமுகத்தில் சேர்ந்திருக்கின்றன என்று செய்தி வரத் தொடங்கிய நேரம். கூரையில் போன வருடத்து நட்சத்திரம் ஒன்று விளக்கில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு கைப்பேசி அடித்தது. மேசையைச் சுற்றி அத்தனை கையும் நீண்டது, பிறகு ஒன்றைத் தவிர மற்றவை பின்வாங்கின. முப்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. எடுத்தாள். ‘ஆங்’ என்றாள். ‘சரி. சரி. நீங்க சாப்பிட்டீங்களா?’ என்று மட்டும் கேட்டாள். அதையும் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, குரலை அமுக்கிக் கேட்டாள். வைத்துவிட்டாள். சுற்றிலும் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. யாரும் ஏதும் கேட்கவில்லை.

அவள் எழுந்து வீட்டுக்கு ஓடியிருக்கலாம். மாமியாரிடம் சொல்ல வேண்டாமா? சின்னப் பையன் ஒருவனை அழைத்துக் காதில் சொல்லி அனுப்பினாள். பிறகு தன் கைப்பேசியை அந்தத் துளையிலிருந்து பிடுங்கி, சார்ஜ் போட இடமில்லாமல் கையில் வைத்திருந்த ஒரு கிழவியின் பேசியை வாங்கி அங்கே சொருகினாள். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அந்தக் கிழவி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பேசியின் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மூவேளைச் செப மணி அடித்தது. தூதர் மரியாளிடம் வந்ததை நினைத்து அடிக்கிற மணி. எல்லோரும் எழுந்து சிலுவை போட்டார்கள், கிழவியால் எழ முடியவில்லை. அந்தப் பெண்ணும் எழாமல், கிழவியின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே செபம் சொன்னாள்.