எம்.பி.மாரின் செக்ரோலையும் பார்ப்போம்

(பதுளை மாவட்டத் தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பசறை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளை என்று நாலா பக்கமிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நமக்குச் செக்ரோல் இருக்கிறது. எத்தனை நாள் வேலைக்குப் போனோம், எது முழுப் பேர், எது அரைப் பேர் என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. தராசில் ஒரு கிலோ குறைந்தாலும் அந்த இடத்திலேயே கேட்கிறோம். ஆனால் நாம் வாக்குப் போட்டு அனுப்பிய ஆள் நாடாளுமன்றத்தில் என்ன செய்தார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. அவருக்கும் ஒரு செக்ரோல் உண்டு. அதன் பெயர் ஹன்சாட். யார் என்ன பேசினார், என்ன கேள்வி கேட்டார் என்று அதில் அச்சாகிறது. தமிழில் பேசியது தமிழிலேயே இருக்கும்.

இது ஏன் முக்கியம்? நம் கதையே ஒரு வாக்கெடுப்பில் தொடங்கியதுதான். 1947 தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எஸ். எம். சுப்பையா நாடாளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும், அதே ஆண்டில் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தன. நம் பாட்டன் பாட்டிமார் பெரும்பாலோர் வாக்கை இழந்தார்கள். 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை.

"ஜீ. ஜீ. பொன்னம்பலம்தான் நம் குடியுரிமையைப் பறிக்கக் கை தூக்கினார்" என்று மேடையில் சொல்வார்கள். "இல்லவே இல்லை, அவர் எதிர்த்தார்" என்று வேறொருவர் சொல்வார். பதிவைப் பார்த்தால் சண்டை தீர்ந்துவிடும். 1948இல் முதல் சட்டம் வந்தபோது அவர் எதிர்த்து வாக்களித்தார். பிறகு அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். அடுத்து வந்த வதிவாளர் சட்டத்தை ஆதரித்தார். அவருடைய கட்சியிலிருந்த செல்வநாயகம் எதிர்த்து நின்றார், 1949இல் தனிக்கட்சி கண்டார். ஒரே கட்சி, ஒரே மேடை. ஆனால் வாக்கு வேறு. பேச்சை மட்டும் கேட்டிருந்தால் இது நமக்குத் தெரிந்திருக்காது.

ஒரு வாக்கால் என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். 1964 டிசம்பர் 3ஆம் திகதி 74க்கு 73 என்ற கணக்கில் ஓர் அரசாங்கமே கவிழ்ந்தது. நம்மில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்ட சிறிமா அம்மையாரின் அரசாங்கம்தான் அது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1987இன் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட அது தடையாக நின்றது. நாம் பிரதேச சபைக்கு வாக்குப் போட்டோம், ஆனால் லயத்துக்குப் போகும் ரோட்டுக்குச் சபை மண் போட முடியவில்லை. அந்தத் திருத்தம் 2018இல்தான் நிறைவேறியது. 31 வருஷம்! அவ்வளவு காலமும் நம் வாக்கில் போன உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் இருந்தார்கள், அமைச்சர்களும் இருந்தார்கள். யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்று எந்தக் கமிட்டியிலாவது எழுதி வைத்தோமா?

சம்பளக் கதையிலும் கவனம் வேண்டும். நாட்சம்பளம் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் வருவது, நாடாளுமன்ற வாக்கில் வருவது அல்ல. 2024இல் 1700 என்று கேட்டோம், செப்டம்பரில் வந்தது 1350. ஆனால் 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு அரசாங்கப் பணம். அதை நாடாளுமன்றம் ஒதுக்க வேண்டும். ஆகவே ஒருவர் "நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்றால், எந்த இடத்தில், எந்த வழியில் என்று கேளுங்கள்.

வேலை சபை மண்டபத்தில் மட்டும் நடப்பதில்லை, குழுக்களிலும் நடக்கிறது. ஜனவசம போன்ற அரசுத் தோட்ட நிறுவனங்களின் கணக்கைக் கேட்கும் இடம் கோப் குழு. பொது மனுக்கள் பற்றிய குழு என்றும் ஒன்று உண்டு. ஓர் எம்.பி. மூலமாக நீங்களே அதற்கு மனுக் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். எல்லா வாக்கும் பெயரோடு பதிவாவதில்லை. "ஆம்", "இல்லை" என்ற குரலிலேயே பல தீர்மானங்கள் நிறைவேறிவிடும். யாராவது பெயர் கூறி வாக்கெடுக்கக் கேட்டால்தான் ஒவ்வொருவர் நிலையும் தெரியும். நம் காணி, வீடு சம்பந்தமான விஷயம் வரும்போது பெயர் கூறி வாக்கெடுப்புக் கேளுங்கள் என்று நம் எம்.பி.மாரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்போம்.

பதுளை மாவட்டத்துக்கு 9 ஆசனங்கள். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி போடட்டும். ஓர் எம்.பி.க்கு ஒரு பக்கம். ஐந்து கேள்விகள் போதும்: எத்தனை நாள் சபைக்குப் போனார்? எந்தக் குழுவில் இருக்கிறார்? தோட்டம் பற்றி என்ன கேள்வி கேட்டார்? அதற்கு என்ன பதில் வந்தது? முக்கிய வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் நின்றார்? விவரம் நாடாளுமன்ற இணையத்தளத்தில் தமிழிலும் இருக்கிறது. போன் வைத்திருக்கும் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் எடுத்துத் தருவார்கள். ஏ.எல். படிக்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆளும் கட்சியா, எதிர்க்கட்சியா, நம் இனமா என்று பார்த்துக் கேள்வியை மாற்றாதீர்கள். நல்லது செய்தவர் பக்கத்தில் நல்லதையும் எழுதுங்கள்.

2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயத்தோடு மண்ணுக்குள் போனவர்களை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலிலும் இந்த மலைகள் சரிந்தன. பாதுகாப்பான இடத்தில் உறுதியோடு காணி வேண்டும் என்பது சலுகை அல்ல, உயிர்க் கேள்வி. அதைச் சபையில் யார் எழுப்பினார், எத்தனை தடவை எழுப்பினார் என்பதுதான் கொப்பியின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குச் சந்தாப் புத்தகத்தோடு அந்தக் கொப்பியையும் கொண்டு வாருங்கள்.