அவரவர் அடிவானம்

 

தரையின் இருளிலும் கடலின் இருளிலும் நாம் வழியறிவதற்காக விண்மீன்களை அமைத்திருப்பதை, அல்அன்ஆம் அத்தியாயத்தின் 97ஆம் வசனத்தில் அல்லாஹ் நினைவூட்டுகின்றான். அவ்விண்மீன்கள் எல்லா ஊர்களிலும் ஒன்றுபோல் தெரிவதில்லை என்பதைச் சிந்தித்ததுண்டா?

மே மாதத்தில் இஷா தொழுதபின், நமது வேங்கிக்காலில் விளக்கொளி குறைந்த வெளியில் நின்று பாருங்கள். வடக்கே, அரபிகள் 'பனாத்து நஃஷ்' என்றழைத்த சப்தரிஷி மண்டலம் உயர்ந்து நிற்கும். திரும்பித் தெற்கே நோக்கினால், தாழ்வாகத் தென்சிலுவை மண்டலம் தெரியும். ஒரே இரவில் இரண்டும்! இலண்டனில் வாழும் சகோதரருக்குத் தென்சிலுவை ஒருபோதும் உதிப்பதில்லை. சிட்னியில் அது மறைவதேயில்லை. ஆனால் துருவ நட்சத்திரத்தை அங்கே காணவே இயலாது. நமக்கு அது அடிவானிலிருந்து சுமார் 12 பாகை உயரத்தில் நிற்கிறது. மக்காவில் 21 பாகை. அரபு மாலுமிகள் இவ்வுயரத்தை விரற்கடையால் அளந்தே தாம் வந்தடைந்த கரையை அறிந்தனர். வடவானையும் தென்வானின் பெரும்பகுதியையும் ஒருங்கே காணலாம் என்பதாலும் அன்றோ, நமக்கு வடக்கே ஜவ்வாது மலையின் காவலூரில் வானாய்வகம் அமைந்தது! அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நிலையான விண்மீன்களே இவ்வாறெனில், சிறிது நேரமே தோன்றி மறையும் தலைப்பிறையின் நிலை என்ன?

ஷாம் நாட்டில் ரமளான் பிறையைக் கண்டுவிட்டு மதீனா திரும்பினார் குறைப் (ரஹ்) அவர்கள். மதீனாவிலோ ஒருநாள் பிந்தியே பிறை காணப்பட்டிருந்தது. முஆவியா (ரலி) அவர்கள் கண்டது போதாதா என அவர் வினவியபோது, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் போதாதென மறுத்து, நபிகளாரின் கட்டளை அதுவே என்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள செய்தி இது. அவ்வாறு மறுத்தவர், குறைப் பொய்யுரைத்தார் எனக் கூறவில்லை என்பதைக் கவனியுங்கள்! ஷாஃபிஈ மத்ஹபினர் இதனை ஆதாரமாகக் கொள்கின்றனர். ஹனஃபி அறிஞர்களில் பெரும்பாலோர் ஓரூரின் பிறை மற்றவர்க்கும் பொருந்தும் என்பர். இரு சாராரும் மார்க்கத்தை அறிந்தவர்களே.

ஆனால் நம்மிடையே நடப்பதென்ன? ஒரே வீட்டில் அண்ணன் பெருநாள் தொழ, தம்பி நோன்பிருக்கிறார். அதனால் சம்பந்திகள் சலாம் சொல்வதையும் நிறுத்திவிடுகின்றனர். பிறையைக் காரணமாக்கி உறவை முறிக்க எந்த இமாம் அனுமதித்தார்?

வரும் பெருநாளில், கடல் கடந்து வாழும் மகன் ஒருநாள் முன்போ பின்போ வாழ்த்துச் சொன்னால், அவனோடு வழக்காடாமல் பதில் வாழ்த்துக் கூறுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் நோன்பையும் ஏற்றருள்வானாக! ஆமீன்.