நாலாறு இருபத்திநாலு... ஆனா எப்பவும் இல்ல!

ஜிமேட் டேட்டா சஃபிஷியன்சில, ஒரு மாக் டெஸ்ட்ல நான் சறுக்கின கணக்கு இது. ஒரு மிகை முழு எண் 24-ஆல் மீதியில்லாம வகுபடுமா? முதல் தகவல்: 4 அதோட காரணி. ரெண்டாவது: 6 அதோட காரணி.

"நாலாறு இருபத்திநாலு, ரெண்டும் சேர்ந்தா போதும்"னு உடனே டிக் பண்ணிட்டேன். தப்பு.

12-ஐ எடுங்க. 4, 6 ரெண்டாலயும் வகுபடும், 24-ஆல் வகுபடாது. 24-ஐயே எடுத்தா, வகுபடும். அதே தகவலுக்கு 'ஆமா'வும் வருது, 'இல்லை'யும் வருது. அப்போ ரெண்டும் சேர்ந்தும் போதாது.

ஏன்? 4-ல ரெண்டு 2 இருக்கு. 6-ல ஒரு 2, ஒரு 3. இந்த 2, ஏற்கனவே 4-க்குள்ள இருக்கிற அதே 2-ஆ இருக்கலாம். நான் அதை ரெண்டு தடவை எண்ணிட்டேன். 24-க்கு மூணு 2 வேணும். நமக்கு உறுதியா கிடைக்கிறது மீ.சி.ம. 12 மட்டும்தான். 3, 8-ன்னு கொடுத்திருந்தா, 1-ஐத் தவிர பொதுக் காரணி இல்ல, தாராளமா பெருக்கலாம்.

இப்பல்லாம் ஒரு 'ஆமா' கிடைச்சதும் நான் நிறுத்துறதில்ல. 'இல்லை' சொல்ற எண்ணையும் தேடுறேன். மீ.சி.ம.-வுலேர்ந்து ஆரம்பிச்சா சீக்கிரம் சிக்கிடும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!