தவிலும் இன்சேர்ட்டும்



திருகோணமலைக் கோயில் திருவிழாக்களுக்கும் டிஜிட்டல் மிக்சர் வந்துவிட்ட காலம் இது. அதிலுள்ள ‘இன்சேர்ட்’ வசதியை அளவறிந்து கையாள்வதை ஒரு கலையாகவே நான் மதிக்கிறேன்.

எக்கோ, ரிவேர்ப் போன்றவற்றுக்கு ஒலியின் பிரதியொன்றை அனுப்பி, திரும்பி வருவதை மூல ஒலியோடு கலப்பது வழக்கம். இன்சேர்ட்டோ ஒலி போகும் வழியையே இடையில் வெட்டி, முழு ஒலியையும் தனக்குள்ளால் செலுத்தி எடுக்கும். பழைய அனலொக் மிக்சரில் இதற்கென்று ஒரு துளையும் இரண்டாகப் பிரியும் வயரும் இருந்தன. இப்போது திரையில் தெரிவு செய்தால் முடிந்தது. 2012இல் வந்த பெரிங்கர் எக்ஸ் 32இல் 8 எபெக்ட் இடங்கள்; அவற்றில் பின் நான்கும் இன்சேர்ட்டுக்கு மட்டுமே.

இவ்வளவு இலகுவானதால் கையும் சும்மா இருப்பதில்லை. சனலிலேயே சத்தத்தின் உச்சத்தை அடக்கும் கொம்பிரஸர் இருக்க, இன்சேர்ட்டிலும் இன்னொன்றைப் போடுவோர் உண்டு. தவிலுக்கு அது கேடு. வலந்தலையில் கூடு போட்ட விரல் படும் கணத்தில்தான் தவில் சொல்லின் உயிர் இருக்கிறது. கொம்பிரஸர் பிடிக்க எடுக்கும் ‘அட்டாக்’ நேரத்தை 1 மில்லிசெக்கனில் வைத்தால் அந்த அடி நசுங்கிவிடும். முடிவுக் கோவையான தீர்மானம் வேகமெடுக்கையில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 20, 30 மில்லிசெக்கன் விட்டுப் பாருங்கள், அடி முழுதாய் வெளியே வந்த பிறகே கட்டுப்பாடு பிடிக்கும். 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை ஒலிப்பதிவில் கேட்டவர்களுக்கு, ஒவ்வொரு அடியும் தனித்தனியே கேட்பதன் அருமை தெரியும்.

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் கடற்காற்று மைக்கில் மோதி உறுமும். அதற்கு இன்சேர்ட் வேண்டாம்; மைக்குக்குப் பஞ்சு உறையும், 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பில்டரும் போதும். ஸ்பீக்கர் கூவினால் மட்டும் 31 பட்டை கிராபிக் ஈக்யூவை இன்சேர்ட்டில் போட்டு, கூவும் இடத்தைக் குறைப்பது நல்ல வேலை.

எனக்கு ஒப்பாதது, தேவாரம் பாடும் குரலுக்கு எக்கோவை இன்சேர்ட்டில் போடுவது. கலவை அளவு கூடிவிட்டால் மூலக் குரல் பின்னுக்குப் போய், சம்பந்தர் கோணேசர் தலத்துக்குப் பாடிய பதிகத்தின் சொல்லே விளங்காமல் போகிறது.

ஒலியமைப்பாளர்களே, இன்சேர்ட் போட்டதும் அதை ஒருமுறை நிறுத்திக் கேளுங்கள். இரண்டு நிலையிலும் சத்தத்தின் அளவு சமமாக இருக்கட்டும். கூடின சத்தம் எப்போதும் நல்லதாகவே தோன்றும். நிறுத்தியபோது வித்துவானின் கை தெளிவாகக் கேட்டால், நிறுத்தியபடியே விட்டுவிடுங்கள்.