பன்னீர் ரோஜாவும் கவாத்தும்



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடைப் பேச்சு வராது. பன்னீர் ரோஜா வளர்க்கிறேன், அதை மட்டும் சொல்லிட்டு இறங்கிடறேன்.

பண்ணைக்காடு பக்கம் எங்க வீட்டுக் கொல்லையில் இருபது செடி நிக்குது. தோட்டக்கலை ஆபீஸில் இதை எட்வர்டு ரோஜான்னு சொல்வாங்க. ஒட்டு ரோஜா பார்க்க அழகுதான், ஆனா வாசம்னா இதுதான். நிலக்கோட்டைப் பக்கம் மாலைக்காக ஏக்கர் கணக்கில் போடுறாங்க. நமக்குக் காபிச்செடி நிழல் விழாத, வெயில் படுற ஓரம் கொஞ்சம் போதும். ஒன்றரை அடிக் குழி, மக்கின தொழுவுரம் 10 கிலோ, தண்ணீர் தேங்கக்கூடாது. அவ்வளவுதான்.

கஷ்டம் நடுறதில் இல்லை, வெட்டுறதில்தான். கார்த்திகை, மார்கழிக் குளிரில் இலை கொட்டிக் குச்சியா நிக்கும். "பட்டுப்போச்சு, பிடுங்கிப்போடு"ம்பாங்க. நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்க, உள்ளே பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு. நான் முதல் தடவை கவாத்துக் கத்தரியை எடுத்தப்போ, பூக்கிற செடியை வெட்டலாமான்னு எங்க அத்தை ரெண்டு நாள் பேசவே இல்லை. ஆனா பூ வர்றது புதுத் தளிரில். வெட்டாம விட்டா செடி ஆள் உயரம் போய் உச்சியில் நாலு பூ வைக்கும். முழங்கால் உயரம், அதாவது 50 சென்டிமீட்டர் விட்டு, கணுவுக்குக் கொஞ்சம் மேலே சாய்வா வெட்டணும். வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசை தடவணும். இல்லைன்னா நுனியிலிருந்து காய்ஞ்சுகிட்டே இறங்கும்.

பழனி தைப்பூசத்துக்குப் பூ வேணும்னா ஒன்றரை மாசம் முன்னாடி வெட்டுங்க, குளிர் ஊருன்னா இன்னும் பத்து நாள் சேர்த்துக்கோங்க. பூம்பாறை, மன்னவனூர் அக்காமாருக்கு இந்தக் கணக்கு ஆகாது. உறைபனி தளிரைக் கருக்கிடும். பனி விட்ட பிறகு வெட்டுங்க.

விடியற்காலையில் பறிச்சுப் பூக்கட்டுற அக்காவிடம் கொடுக்கிறேன். பெரிய காசு இல்லை. ஆனா குழுச் சேமிப்புப் பணத்துக்கு வீட்டில் யார் முகத்தையும் நான் பார்க்கிறதில்லை. பூவை எடை போட்டு வாங்கிட்டு வர்றது இப்போ எங்க அத்தைதான்!

வெட்டின குச்சியை அடுப்பில் வைக்காதீங்க. பென்சில் கனத்தில், நாலு கணு இருந்தா பதியம் போடலாம். இந்தக் கவாத்தில் என்கிட்ட நூறு குச்சியாவது தேறும். வேணுங்கிறவங்க இன்னைக்கே பேர் சொல்லிடுங்க, வரும்போது ஈரச்சாக்கு கொண்டு வாங்க.